கடலை மூடும் நேரம்

பொழுது சாய்ந்தால் இந்த நகரத்தில் கடலை மூடிவிடுவார்கள் என்று நொட்டையாரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காலையில் முதல் வேலையாக வாயை இறுகத் தைத்துக்கொண்டிருப்பார்.

நொட்டையார் என்பது ஆலையில் வைத்த பெயர். சட்டை தைக்கும் ஆலையில் கடைசி மேஜை அவருடையது. தைத்து முடிந்த சட்டையை வாங்கி, காலர், கை, பொத்தான் என்று விரலால் ஒரு ஓட்டு ஓட்டுவார். ஒரு நூல் பிசிறையாவது பிடிக்காமல் அடுத்த பெட்டிக்குப் போக விடமாட்டார். குறை இல்லை என்று சொல்லி அனுப்பிய சட்டை திரும்பி வந்தால் அவர் தலைதான் உருளும். அதனால் எதைப் பார்த்தாலும் முதலில் பிசிறைத் தேடுவது கண்ணுக்குப் பழகிவிட்டது.

"நொட்டை சொல்றதுக்குச் சம்பளம் குடுக்கிற கம்பெனியை இவரு எங்க போயித்தான் கண்டுபிடிச்சாரோ," என்பாள் மனைவி.

மனைவிக்குத் தொழிலாளர் விடுதி ஒன்றில் சமையல் வேலை. அவள் ஆக்கிப் போட்டதைத் தின்று ஒரு படையே பணி ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் அவளை உட்கார வைத்து யாரும் பரிமாறியதில்லை. கடலையும் அவள் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே நாளில் நடக்கட்டும் என்று பெருநகரத்துக்கு வந்திருந்தார்கள்.

அப்படித்தான் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தார்கள். உண்மையில் வந்தது பெரிய ஆஸ்பத்திரிக்கு. மறுநாள் காலையில் மனைவியைச் சேர்க்க வேண்டும், வயிற்றில் ஆபரேஷன். டாக்டர் நொட்டையாரை மட்டும் தனியாக வெளியே கூப்பிட்டு, "முயற்சி பண்றோம்," என்று சொல்லியிருந்தார். அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தனியாகக் கூப்பிட்டபோதே அவளுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஒரு நாள் சும்மா சுத்தலாங்க," என்றாள். "கடலைப் பாக்கணும். ஒரு கடையில உக்காந்து, சூடா, யாராவது கொண்டாந்து வைக்கச் சாப்பிடணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

ரயில் நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் மஞ்சள் கோட்டு போட்ட பெண் ஒருத்தி இருவர் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு பட்டையை மாட்டினாள். விருந்தினர் மகிழ்ச்சி வாரியம் என்று கோட்டில் எழுதியிருந்தது.

"அவுக்க முடியாது சார். ஊரை விட்டுப் போகும்போது நாங்களே அவுத்து விடுவோம்."

"எதுக்கும்மா இது?"

"நீங்க சந்தோஷமா இருக்கீங்களான்னு எங்களுக்குத் தெரியணும்ல?"

"இல்லேன்னா?"

"சந்தோஷப்படுத்துவோம்," என்று சிரித்தாள் அந்தப் பெண்.

பட்டையைத் தொட்டால் போக வேண்டிய இடங்கள் வரிசையாக ஒளிர்ந்தன. மீன் மாளிகை, அரண்மனை, விருந்து, கடல். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததன் கதவு திறக்கும்.

"முதல்ல கடலுக்குப் போயிடலாமா?" என்று கேட்டாள் மனைவி.

"கடல் கடைசிதாம்மா. கடலைப் பாத்துட்டா அப்புறம் தொட்டி மீனை யார் பாப்பாங்க?" என்றாள் கோட்டுப் பெண்.

அதில் நியாயம் இருந்தது. வாரியம் வந்த பிறகு கரை நெடுக ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு சுவர் எழுப்பி, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். கடல் சும்மா கிடந்த காலத்தில் யாரும் அதை மதிக்கவில்லையாம்.

மீன் மாளிகை நன்றாகத்தான் இருந்தது. ஒரு தொட்டியில் தட்டு மாதிரி ஒரு மீன் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. "எங்க ஹாஸ்டல் வார்டன் சம்பளத்தன்னைக்கு இப்படித்தான் நிப்பாரு," என்றாள் மனைவி. நொட்டையார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

வெளிவாசலில் ஒரு மஞ்சள் கோட்டுக்காரர். மனநிறைவு அலுவலர். கையில் ஒரு மணி.

"குறை ஏதும் உண்டா சார்?"

அந்த ஒரு நொடியில் நொட்டையார், "ஒண்ணுமில்லை," என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் மற்ற எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கேட்டது கேள்வி. கேட்கப்பட்டவர் கடைசி மேஜைக்காரர்.

"எல்லாம் பிரமாதங்க. அந்த மூலைத் தொட்டி விளக்கு மட்டும் லேசா மினுக்கு மினுக்குன்னுது."

மணி அடித்தது.

வாசல் கதவு சாத்தப்பட்டது. மாளிகை முழுக்கச் சிவப்பு விளக்கு சுழன்றது. "குறைப்பட்ட விருந்தினர்! குறைப்பட்ட விருந்தினர்!" என்று ஒலிபெருக்கி கத்தியது. எங்கிருந்தோ நான்கு மஞ்சள் கோட்டுகள் ஓடி வந்து இருவரையும் பஞ்சு நாற்காலிகளில் உட்கார வைத்தன. ஆளுக்கொரு பூங்கொத்து. குறை தீர்ப்புப் பிரிவின் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மன்னிப்பு உரை வாசித்தார். அதில் நகரத்தின் வரலாறு, வாரியத்தின் வரலாறு, தலைவரின் வரலாறு மூன்றும் இருந்தன. விளக்கு மட்டும் இல்லை.

"ஐயா, நான் சும்மா சொன்னதுங்க," என்றார் நொட்டையார்.

"சும்மா சொன்ன குறைதான் சார் ஆபத்து. யோசிச்சுச் சொன்ன குறையை நாங்க அப்படியே விட்டுடுவோம். அதைச் சொன்னவன் எப்படியும் திரும்ப வரமாட்டான்," என்றார் தலைவர்.

அடுத்து விளக்குக்காரரைக் கொண்டு வந்தார்கள். நரைத்த மீசை, தோளில் ஏணி. அவர் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். உள்ளே பனியன் கிழிந்திருந்தது. ஏணியையும் வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பினார்கள். மற்ற விருந்தினர்கள் கைதட்டினார்கள். கைதட்டாவிட்டால் அதுவும் ஒரு குறையாகப் பதிவாகும் என்று பக்கத்து வரிசைக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"உங்க ஒரு வாயால ஒருத்தன் பொழப்பு போச்சு," என்றாள் மனைவி, பூங்கொத்தைப் பார்த்தபடி.

நொட்டையார் மேல்சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

விளக்கை மாற்றியதும் மீன் மாளிகையை முதல் தொட்டியிலிருந்து மறுபடி பார்க்க வைத்தார்கள். அனுபவம் என்பது பிரிக்க முடியாத ஒன்று, குறை பட்ட இடத்தில் ஒட்டுப் போட முடியாது என்றார் தலைவர். தட்டு மீன் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வார்டனைப் பற்றி யாரும் பேசவில்லை.

அரண்மனைக்குப் போகும் வழியில் நொட்டையார் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். "இனிமே வாயே திறக்கமாட்டேன். என்ன கேட்டாலும் அற்புதம். முடிஞ்சுது."

அரண்மனை முழுக்கக் கட்டில்கள். ராஜா தூங்கிய கட்டில், ராஜா தூக்கம் வராமல் புரண்ட கட்டில், ராஜாவின் நாய்க்கு மூன்று கட்டில்கள். நடந்து நடந்து மனைவிக்கு வயிற்றின் இடப்பக்கம் பிடித்துக்கொண்டது. உட்கார ஓர் இடமில்லை. கட்டில்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

வெளிவாசலில் இந்த முறை வேறு அலுவலர். முகம் பார்ப்பவர். இருபது வருடமாக மற்றவர் முகங்களையே பார்த்துப் பார்த்துத் தன் முகத்தை எங்கோ வைத்துவிட்டு வந்தவர் போல இருந்தார்.

"குறை ஏதும் உண்டா?"

"ஒரு குறையும் இல்லை. அற்புதம்!" என்றார் நொட்டையார். தன்னால் முடிந்த மட்டும் பல்லைக் காட்டினார்.

அலுவலர் நெருங்கி வந்து அவர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வாய் அற்புதம்னு சொல்லுது. புருவம் ஒத்துக்கலையே?"

"என் புருவமே அப்படித்தாங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சார், வெளிய சொன்ன குறையை ஒரு மணியில தீத்துடலாம். உள்ள அமுக்கி வச்ச குறை இருக்கே, அது ரயில் ஏறி ஊருக்குப் போய்ப் பத்துப் பேர்கிட்டப் பேசும். அதை இங்கேயே எடுத்துடணும்."

பல் பிடுங்குகிற மாதிரிதான் சொன்னார். அப்படித்தான் செய்தார்கள். மனம் திறக்கும் அறை என்று ஒன்று. ஜன்னல் இல்லை, மெல்லிய இசை மட்டும். எதிரில் மூன்று பேர் உட்கார்ந்து, "சொல்லுங்க சார், மனசு விட்டுச் சொல்லுங்க," என்று அன்பாகக் கேட்டார்கள். அன்பாகவே திரும்பக் கேட்டார்கள். தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் தாங்க முடியாமல் நொட்டையார் கத்தினார்:

"உக்கார ஒரு நாற்காலி இல்லைய்யா! என் சம்சாரத்துக்கு உடம்பு முடியலைய்யா!"

மூவரும் கண் கலங்க எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகு மனைவியை ஒரு பல்லக்கில் ஏற்றினார்கள். ராஜாவின் பாட்டனார் ஏறியதாம். எட்டுப் பேர் தூக்க, முன்னால் ஒருவன் கொம்பு ஊத, அத்தனை கட்டில்களையும் அவளுக்கு மறுபடி காட்டினார்கள். பல்லக்கு ஒவ்வொரு குலுங்கு குலுங்கும்போதும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

நொட்டையாரின் கைப்பேசி அடித்தது. மகள். நிறைமாதம், அதனால்தான் கூட வர முடியவில்லை.

"அப்பா, அம்மா கடல் பாத்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"எங்க அம்மா? போனைக் குடு."

"அம்மா பல்லக்குல போயிட்டிருக்கா."

"அப்பா, வெயில்ல ரொம்ப அலையாத," என்றாள் மகள்.

விருந்து மாளிகைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மேற்கே சரியத் தொடங்கியிருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜை. பளபளக்கும் கரண்டிகள். மனைவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தாள். கைக்கு வேலை இல்லாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. துணியின் சுருக்கத்தை நீவி விட்டாள்.

"நான் எழுந்து போயி அடுப்பைப் பாக்கணும் போலவே இருக்குங்க."

"பேசாம உக்காரு. இன்னைக்கு நீ மகாராணி."

"போதும். காலையிலயே பல்லக்குல ஏறியாச்சு."

ஆவி பறக்கச் சூப்பும், வறுத்த மீனும் வந்தன. மீனைப் பார்த்ததும் இருவருக்கும் காலையில் எங்கோ பார்த்த முகமாகத் தோன்றியது. அவள் கரண்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

"பொறுங்க மேடம்!"

இரண்டு முறை குறைப்பட்ட விருந்தினருக்கு உணவு நேரடியாகப் போகக்கூடாதாம். சுவைக்கும் அலுவலர் வந்து சுவைத்தார். வாசனை அலுவலர் முகர்ந்தார். ஒருவர் தட்டின் விளிம்பை விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை, பதவி அப்படி. அதற்குள் சூப்பின் மேல் ஏடு படிந்துவிட்டது. மீன் விறைத்துவிட்டது.

கடைசியாகத் தலைமைச் சமையல்காரரைக் கூட்டி வந்து மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒருவர் அவருடைய கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்து, கோட்டைத் தோளிலிருந்து பாதி இறக்கித் தயாராக வைத்தார்.

சமையல்காரர் உதடு அசையாமல் பேசினார். "அக்கா, சூடா அனுப்பினேன். சத்தியமா சூடாத்தான் அனுப்பினேன்."

மனைவி அவர் கைகளைப் பார்த்தாள். எண்ணெய் தெறித்த தழும்புகள். அதே இடங்களில் அவளுக்கும் இருந்தன.

ஆறிப்போன சூப்பை ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடினாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! விடுதிச் சமையல்கட்டில் பெரிய பாத்திரத்தைத் தரையில் உருட்டிவிட்ட மாதிரி கணகணவென்று மாளிகை முழுக்கப் போயிற்று.

"இந்த மாதிரி ஒரு சாப்பாடு என் ஆயுசுக்கும் சாப்பிட்டதில்லை! ஒரு குறையும் இல்லை. அந்த அண்ணனுக்குக் கோட்டு மாட்டி விடுங்க!"

முகம் பார்ப்பவர் ஓடி வந்தார். புருவம், கன்னம், கண்ணோரம் என்று தேடினார். ஒரு பிசிறு அகப்படவில்லை.

"முழுமை," என்றார்.

கட்டடத்துக்கு வெளியே சங்கு ஊதிற்று. சமையல்காரரை இப்போது தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நொட்டையார் மேஜைக்கு அடியில் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினார். தப்பித்தோம் என்று அர்த்தம்.

அரை மணியில் வாரியத்தின் இயக்குநரே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் படப்பிடிப்பு விளக்குகள், கண்ணாடித் தகடுகள், தலை சீவி விடும் பெண்கள்.

"அம்மா, இத்தனை வருஷமா விளம்பரத்துக்கு நடிகைங்களை வச்சுச் சிரிக்க வச்சோம். யாரும் நம்பலை. உங்க சிரிப்பை எல்லாரும் நம்புவாங்க. இன்னொரு தடவை சிரிங்க."

சிரித்தாள். விளக்கு சரியில்லை என்றார்கள். இன்னொரு சூப் வந்தது. சிரித்தாள். கரண்டி மறைத்தது. இன்னொரு சூப். சிரிப்பின் ஓரத்தில் முகம் சுளித்ததை நொட்டையார் மட்டும் பார்த்தார். அவர் எழுந்தார்.

"ஐயா, போதுங்க. நாளைக்கு அவளுக்கு ஆபரேஷன். இன்னைக்குக் கடல் பாக்கணும்னு ஆசைப்பட்டா. அவ்வளவுதான். எங்களை விடுங்க."

"ஆபரேஷனா?" இயக்குநரின் முகம் மலர்ந்தது. "பெருசா?"

"பெருசுதான்."

இயக்குநர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது. "கேட்டீங்களா? நாளைக்கு ஆபரேஷன், இன்னைக்கு இந்தச் சிரிப்பு! இதுக்கு மேல நமக்கு என்ன சான்று வேணும்?" பிறகு நொட்டையாரின் தோளில் கை போட்டார். "இந்த ஊர்ல துக்கமே இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன் சார். இருக்கு. நிறையவே இருக்கு. ஆனா அதுக்குத் தனி இலாகா இருக்கு. நான் அவங்க வேலையில தலையிட மாட்டேன், அவங்க என் வேலையில தலையிட மாட்டாங்க. அப்படித்தான் இவ்வளவு பெரிய ஊரு ஓடுது. மேடம், மீன் மாளிகையில ஒரு சிரிப்பு, அரண்மனையில ஒரு சிரிப்பு. அப்புறம் கடல். கடலை உங்களுக்குன்னு தனியா திறந்து விடச் சொல்றேன்."

"உங்களுக்குன்னு தனியா" என்ற சொல்லில் மனைவி விழுந்துவிட்டாள். "போயிட்டு வந்துடலாங்க," என்றாள் கணவரிடம். "சிரிக்கிறதுதானே. கல்லா உடைக்கிறோம்?"

மீன் மாளிகையில் தட்டு மீனுக்கு முன்னால் சிரித்தாள். அரண்மனையில், கயிற்றை அவிழ்த்து, ராஜா தூக்கம் வராமல் புரண்ட கட்டிலில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் சிரித்தாள். படுத்துக்கொள்ளட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். படுத்தால் படத்துக்கு நன்றாக இருக்காது என்றார்கள்.

கடல் வாசலுக்கு அவர்களை ஓட்டமும் நடையுமாக அழைத்து வந்தபோது காவலாளி பூட்டைத் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல் மூடியாச்சு சார்."

"கடலை எப்படிய்யா மூடுவீங்க?" என்றார் நொட்டையார்.

"இப்படித்தான்," என்று பூட்டைக் காட்டினார் காவலாளி. நல்ல மனிதர்; கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"இயக்குநர் ஐயா தனியா திறக்கச் சொல்லியிருக்காரு."

"சொல்லியிருப்பாரு சார். அவரு பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயிடுவாரு. சாவி அவருகிட்ட."

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. ஓயாமல், ஒரே சீராக. உப்புக் காற்று சுவரைத் தாண்டி வந்து மனைவியின் முந்தானையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தது. அவள் சுவரில் கை வைத்து நின்றாள்.

"வா, அந்தக் கல்லுமேல ஏத்தி விடுறேன். தலை சுவத்துக்கு மேல வந்தாப் போதும்," என்றார் நொட்டையார். அவளைத் தூக்கப் பார்த்தார். இடுப்பில் கை பட்டதும் அவள் போட்ட சத்தத்தில் அவரே பயந்து இறக்கிவிட்டார்.

"விடுங்க," என்றாள் அவள், மூச்சு வாங்க. "சத்தம் கேக்குதுல்ல? கடல்னா நான் என்னமோன்னு நினைச்சேன். எங்க கிரைண்டர் சத்தம் மாதிரிதான் இருக்கு."

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் முதல் வேலையா இங்கதான் வரோம்."

"சரி."

அவர் அந்தச் சுவரில் கையால் ஓங்கி அடித்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து, சிவந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள்.

ஆபரேஷன் அறைக்குள் போனவள் நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் போய்விட்டாள். டாக்டர் இந்த முறை நொட்டையாரைத் தனியாகக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. அவர் தனியாகத்தான் இருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது எதிர்க் கட்டடத்தின் மேலே ஆறு மாடி உயரத்துக்கு மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி. கீழே, "நான் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறேன்." தெருவில் போன பேருந்தின் முதுகிலும் சிரித்தாள். பால் வண்டியிலும் சிரித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். காலடியில் யாரோ போட்டுவிட்டுப் போன காகிதத்திலும் அவள்தான்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக ஐஸ் பெட்டி வைத்த வண்டி பிடித்தார். மகள் அங்கே காத்திருந்தாள். வண்டி நகர எல்லைச் சாவடிக்கு வந்ததும் மஞ்சள் கோட்டு ஒன்று கை காட்டி நிறுத்தியது. இளைஞன், பணிவானவன். நொட்டையாரின் பட்டையைப் பார்த்தான். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து அவள் பட்டையைத் தொட்டான். வாரியச் சொத்து என்பதால் ஆஸ்பத்திரியில் அதை வெட்டவில்லை.

"அம்மா ஒரு இடம் பாக்கலையே சார். கடல் பாக்கி இருக்கு."

"தம்பி, அவ செத்துட்டா."

"தெரியுது சார். ரொம்ப வருத்தம். ஆனா அது வேற இலாகா. எங்களுக்கு அவங்க இன்னும் விருந்தினர்தான். அதுலயும் அவங்க யாரு? ஊரே கும்பிடற முகம். அவங்களைக் குறையோட அனுப்பினோம்னா எங்களை யாராவது மனுசன்னு சொல்வாங்களா?"

"கதவைத் திற, தம்பி. நான் ஊருக்குப் போகணும். என் பொண்ணு காத்துட்டு இருக்கா."

"கடலைப் பாத்துட்டா அடுத்த நிமிஷம் போயிடலாம் சார். பட்டை முழுசாகாம இந்தக் கதவு திறக்காது. நானே நினைச்சாலும் திறக்காது."

நொட்டையார் வண்டியை விட்டிறங்கிக் கதவைத் தள்ளிப் பார்த்தார். உதைத்தார். கும்பிட்டார். இளைஞன் பதிலுக்குக் கும்பிட்டான். வண்டிக்காரர் ஐஸ் உருகி ஒழுகுவதைக் காட்டி, "அண்ணே, நின்னு பேசற நேரமில்லை. அவங்க சொல்ற இடத்துக்குப் போயிட்டு வந்துடலாம்," என்றார்.

கடல் வாசல் இப்போது அகலத் திறந்திருந்தது. தோரணங்கள். வாத்தியக் கோஷ்டி. கடலை நோக்கிய மேடையில் இரண்டு நாற்காலிகள். நடுவே வெள்ளைத் துணி விரித்த மேஜை. அதில் ஆவி பறக்க இரண்டு கிண்ணம் சூப். இந்தத் தடவை நிஜமாகவே சூடாக இருந்தது. யாரும் சுவைத்துப் பார்க்கவில்லை. இயக்குநர் கறுப்பு உடை அணிந்து வந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் காதில், "கறுப்பு வேண்டாம்னு சொன்னேன்ல, படத்துல இருட்டடிக்கும்," என்று சொல்லி மேலே ஒரு மஞ்சள் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"வண்டியைப் பின்பக்கமா மேடையில ஏத்துங்க," என்றார். "கதவைத் திறங்க. அம்மாவும் பாக்கட்டும்."

வண்டியின் பின்கதவைத் திறந்தார்கள். பெட்டியின் மூடியையும் எடுத்தார்கள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. காலைக் கடல் அவளுக்கு நேர் எதிரே, கண்ணுக்கு எட்டும் வரை கிடந்தது. மணிக்கட்டில் பட்டை மெல்ல ஒளிர்ந்தது. முழுமை என்று சொல்லிவிட்டுத் தானே அவிழ்ந்து விழுந்தது. வாத்தியக் கோஷ்டி முழங்கியது.

"சார், நீங்களும் வாங்க. உங்க பட்டையும் முழுசாகணும்," என்று இளைஞன் அவரைக் கைத்தாங்கலாக மேடையின் விளிம்புக்கு அழைத்துக்கொண்டு போனான்.

விளிம்பில் நின்றதும் நொட்டையார் திரும்பிக்கொண்டார். கடலுக்கு முதுகு. முகம் வண்டியைப் பார்த்து. அவள் பார்க்காததைத் தானும் பார்ப்பதில்லை என்று வழியிலேயே முடிவு செய்திருந்தார். வாரியம் அவரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். கழுத்தைத் திருப்ப முடியாது.

பிடரியில் காற்று அடித்தது. பின்னால் அந்தச் சத்தம். அவர் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஈ அவள் நெற்றியில் உட்காரப் பார்த்தது. அதை விரட்ட ஒரு எட்டு எடுத்து வைத்தார்.

"அசையாதீங்க சார்! அப்படியே! அப்படியே!"

வண்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு நின்ற புகைப்படக்காரர் கை காட்டினார். அவர் முகத்தில் அன்றைக்கு யாரிடமும் இல்லாத உண்மையான சந்தோஷம் இருந்தது.

"வர்ற கூட்டமெல்லாம் கடலைப் பாத்துக்கிட்டு நின்னு படத்தைக் கெடுத்துடுது சார். இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் சொல்லாமலே சரியா நிக்கிறீங்க."